ஒரு குழாயின் விலாவில் ஆறு மில்லிமீட்டர்

1980 மார்ச் 27. வட கடலில், நார்வேயின் எகோஃபிஸ்க் எண்ணெய் வயலில் மாலை ஆறரை மணி. 'அலெக்சாண்டர் எல். கீலாண்ட்' என்று ஒரு நார்வே நாவலாசிரியரின் பெயரைத் தாங்கிய மிதக்கும் மேடையில் 212 பேர் இருந்தார்கள். எண்ணெய்க் கிணறு துளைக்கவென்று கட்டிய மேடை அது. ஆனால் வேலை முடித்து வரும் தொழிலாளர்கள் தூங்கும் விடுதியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. சிலர் சாப்பாட்டுக் கூடத்தில், சிலர் உள்ளேயே இருந்த சின்னத் திரையரங்கில். வெளியே பலத்த காற்று, உயர்ந்த அலை. வட கடலுக்கு அது புதிதல்ல.

திடீரென்று வெடித்தாற்போல ஒரு சத்தம். மேடை முப்பது டிகிரிக்கும் மேல் சாய்ந்தது. ஐந்து கால்களில் ஒன்று கழன்று தனியே மிதந்து போய்விட்டிருந்தது. ஒற்றை நங்கூர வடம் மட்டும் சுமார் கால் மணி நேரம் பிடித்து நின்றது. அதுவும் அறுந்ததும் மேடை தலைகீழாகக் கவிழ்ந்தது. 123 பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழு தேடிக் கண்டுபிடித்த குற்றவாளி ஒரு வெல்டு. அதுவும் கால்களைத் தாங்கிய பெரிய வெல்டு அல்ல. 'டி-6' என்று பெயரிட்ட ஒரு சாய்வுக் குழாய், விட்டம் 2.6 மீட்டர், சுவரின் கனம் 26 மில்லிமீட்டர். நம் ஊர் அம்பாசிடர் கார் ஒன்றை நெடுக்கே ஓட்டி நிறுத்தினாலும் உள்ளே இடம் மிஞ்சும். கடலடியிலிருந்து வரும் ஒலியைக் கேட்டு மேடை எங்கே நிற்கிறது என்று அறிய ஒரு கருவி உண்டு, நீரொலி வாங்கி. அதைப் பொருத்த இந்தக் குழாயின் விலாவில் ஒரு துளை போட்டு, 325 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு குட்டிக் குழாயைச் செருகி, சுற்றிலும் மூலை வெல்டு அடித்திருந்தார்கள். சுவரும் தரையும் சேரும் மூலையில் கொத்தனார் சிமென்ட் பூசி இழுப்பாரே, அதைப் போன்ற வெல்டு. பட்டறையில் 'ஃபில்லெட்' என்பார்கள். அதன் கனம் 6 மில்லிமீட்டர். கருவி மாட்டும் கொக்கி மாதிரி ஏதோ ஒன்று என்பதால், பாரம் தாங்கும் உறுப்பாக யாரும் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பெரிய குழாய்க் கட்டுமானங்களுக்கு எந்த எஃகு, எந்த வெல்டிங் முறை என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். நம்மில் பலரும் அந்தக் கேள்வியை "எவ்வளவு உறுதியான எஃகு?" என்றே புரிந்துகொள்கிறோம். கீலாண்டில் எஃகின் உறுதியில் குறை இல்லை.

குழாயை ஏன் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதற்கு மூங்கிலே சாட்சி. வளைக்கும்போது நடுவில் உள்ள பொருளுக்கு வேலை குறைவு. ஓரத்தில் உள்ளதுதான் உழைக்கிறது. அதனால் நடுவைக் காலி செய்து, அந்தப் பொருளை வெளிவட்டத்துக்குத் தள்ளிவிட்டால் அதே எடையில் பல மடங்கு விறைப்பு கிடைக்கும். எந்தத் திசையில் தள்ளினாலும் ஒரே மாதிரி எதிர்க்கும். முறுக்கலுக்கு இன்னும் வலிமை. ஒரு செய்தித்தாளை உருட்டிக் கையால் முறுக்கிப் பாருங்கள், துவண்டுவிடும். ஓரத்தைப் பசையால் ஒட்டிக் காயவைத்து மறுபடி முறுக்குங்கள், கை வலிக்கும். வட்டம் மூடியிருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். எஃகுக் குழாயில் அந்தப் பசையின் இடத்தில் வெல்டு. காற்றும் அலையும் வட்டமான உடம்பைச் சுற்றி வழுக்கிப் போகும், தட்டையான முகத்தில் மோதுவதைப் போல மோதாது. இரண்டு முனையையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் தீர்ந்ததும் துருவும் நின்றுவிடும். பெயின்ட் செலவு வெளிப்பக்கத்துக்கு மட்டும்.

இதை வெல்டிங் வருமுன்பே தெரிந்துவைத்திருந்தார்கள். ஸ்காட்லாந்தில் 1890-ல் திறந்த ஃபோர்த் ரயில் பாலத்தில் அமுக்கத்தைத் தாங்கும் பெரிய உறுப்புகள் 12 அடி விட்டமுள்ள எஃகுக் குழாய்கள். வளைத்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பாலம் முழுவதற்கும் 65 லட்சம் ரிவெட்டுகளுக்கு மேல் அடித்தார்கள். ரிவெட்டுக்கு எடை அதிகம், வேலை அதிகம், ஆனால் ஒரு குணம் உண்டு. ஒரு தகட்டில் விரிசல் விட்டால் அது அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். பக்கத்து வீட்டுத் தீ நம் வீட்டுக்கு வராமல் நடுவில் சந்து இருப்பது போல. வெல்டு அடித்த கட்டுமானத்தில் அந்தச் சந்து கிடையாது; முழுக் கட்டடமும் ஒரே துண்டு எஃகு.

அதன் விலை என்னவென்று அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் தெரிந்துகொண்டது. 1943 ஜனவரியில், ஓரிகனின் போர்ட்லாண்ட் துறையில், அப்போதுதான் சோதனை ஓட்டம் முடித்துவந்து அசையாமல் கட்டிக் கிடந்த 'ஸ்கெனெக்டடி' என்ற எண்ணெய்க் கப்பல் நடுவில் இரண்டாகப் பிளந்தது. புயல் இல்லை, மோதல் இல்லை, குளிர்தான். அந்தப் போர்க்காலக் கப்பல்களில் விரிசல் கண்டவை ஏராளம். பழியை முதலில் வெல்டர்கள் மேல்தான் போட்டார்கள். கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற உலோகவியலாளர், குற்றம் பெரும்பாலும் தகட்டில் என்று காட்டினார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே போனால் சில எஃகுகள் கமர்கட்டைப் போல் இழுபடுவதை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் போல் உடைகின்றன. வெல்டு விரிசலைத் தொடங்கிவைக்கலாம். அதை ஓடவிடுவது எஃகு.

ஆகவே, தேர்வில் முதல் கேள்வி: இந்தக் கட்டுமானம் நிற்கும் இடத்தின் குளிரில் இந்த எஃகு விரிசலைத் தடுக்குமா? அதற்கான சோதனை பார்க்கக் கொஞ்சம் முரட்டுத்தனமானது. 10 மில்லிமீட்டர் சதுரமும் 55 மில்லிமீட்டர் நீளமும் உள்ள துண்டில் 2 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவ வெட்டு. குளிரவைத்து, ஊசல் சுத்தியால் ஓர் அடி. துண்டை உடைத்த பிறகு சுத்தி எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தால், உடைக்க எவ்வளவு ஆற்றல் செலவானது என்பது தெரிந்துவிடும். நம் நாட்டு ஐ.எஸ். 2062 தரத்தில் 'ஈ250' என்று போட்டு, பக்கத்தில் 'ஏ', 'பிஆர்', 'பி0', 'சி' என்று எழுத்துகள் வரும். எண் உறுதியைச் சொல்கிறது: ஒரு சதுர மில்லிமீட்டர் கம்பியில் 25 கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டால் வரும் இழுப்பு வரை அது நிரந்தரமாக நீளாது. எழுத்து இந்தச் சுத்தியடியைச் சொல்கிறது: 'பிஆர்' என்றால் அறை வெப்பநிலையில், 'பி0' பூஜ்யத்தில், 'சி' மைனஸ் 20 டிகிரியில். 'ஏ'-வுக்கு இந்தச் சோதனை கட்டாயமே இல்லை. எண்ணைப் பெரிதாக எழுதி, எழுத்தை விட்டுவிட்ட கொள்முதல் ஆணைகளை நானே பார்த்திருக்கிறேன். விலை வித்தியாசம் அந்த எழுத்தில்தான் இருக்கிறது என்பது விற்பவருக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டாவது கேள்வி, இது வெல்டிங்குக்கு இணங்குமா என்பது. எஃகுக்கு உறுதி ஏற்றப் பழைய வழி கார்பனைக் கூட்டுவது. கார்பன் கூடினால் வெல்டுக்குப் பக்கத்தில் சூடாகிச் சட்டென்று ஆறும் பகுதி, கொல்லர் தண்ணீரில் தோய்த்த உளிமுனையைப் போல் கடினமாகி, நொறுங்கும் குணம் பெறும். தடித்த தகடு வெப்பத்தை வேகமாக உறிஞ்சிவிடுவதால் அங்கே இன்னும் மோசம். மாங்கனீசும் இதையே செய்யும், ஆனால் ஆறில் ஒரு பங்கு அளவுக்கு. இப்படிக் கார்பனோடு மாங்கனீசு, குரோமியம், நிக்கல் முதலியவற்றையும் அவற்றின் பங்குக்கேற்பக் கூட்டிப் போட்டால் வருவது 'கார்பன் சமானம்'. 0.18 சதவீதம் கார்பன், 1.5 சதவீதம் மாங்கனீசு உள்ள எஃகுக்கு அது 0.43. தடித்த தகடாக இருந்தால் முன்கூட்டியே நூறு டிகிரிக்கு மேல் சூடேற்றித்தான் வெல்டு அடிக்க வேண்டும். கார்பனை 0.08 ஆக்கினால் சமானம் 0.33-க்கு இறங்கிவிடும், வெல்டருக்கு நிம்மதி. ஆனால் உறுதி? 1980-களில் ஜப்பானிய ஆலைகள் முன்னின்று பரப்பிய வழி இதற்குத்தான்: கார்பனைக் குறைத்துவிட்டு, தகட்டை உருட்டும்போதே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தி, உடனே நீரால் ஆற்றி, எஃகின் பரல்களைப் பொடியாக்குவது. பரல் நுண்மையானால் உறுதியும் கூடும், குளிரைத் தாங்கும் குணமும் கூடும். உலோகவியலில் இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். இன்று கடலில் காற்றாலைகளைத் தாங்கும், 8 மீட்டருக்கு மேல் விட்டமுள்ள ஒற்றைத் தூண் குழாய்களுக்கு இந்த வகைத் தகடுகள்தான் போகின்றன.

அப்படியானால் இருப்பதிலேயே உறுதி கூடிய எஃகைப் போட்டுக் கனத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் குழாய்க் கட்டுமானம் கையைக் கட்டுகிறது. எந்த எஃகாக இருந்தாலும் விறைப்பு கிட்டத்தட்ட ஒன்றே; கனத்தைக் குறைத்தால் குழாய்ச் சுவர் காலி குளிர்பான டின்னைப் போல நசுங்கத் தயாராகிவிடும். அதைவிடப் பெரிய தடை களைப்பு. வட கடலில் ஆறு விநாடிக்கு ஓர் அலை என்று வைத்தாலும் வருடத்துக்கு 50 லட்சத்துக்கு மேல். ஒவ்வோர் அலையும் இணைப்பை ஒரு முறை இழுத்து விடுகிறது. வெல்டு தகட்டோடு முடியும் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாத கசடுத் துணுக்குகளும் கீறல்களும் எப்போதும் இருக்கும். எவ்வளவு கைதேர்ந்த வெல்டர் அடித்தாலும் இருக்கும். விரிசலுக்கு விதை போட்டாகிவிட்டது, இனி வளர வேண்டியதுதான் பாக்கி. வளரும் வேகம் எஃகின் உறுதியைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இழுப்பின் அளவைத்தான் பார்க்கிறது, அதுவும் ஏறக்குறைய மும்மடியாக. இரண்டு மடங்கு உறுதியான எஃகை வாங்கித் தகட்டின் கனத்தைப் பாதியாக்கினால், ஒவ்வோர் அலையின் இழுப்பும் இரட்டிப்பாகும். வெல்டின் ஆயுள் எட்டில் ஒரு பங்காகக் குறையும். கூடுதல் பணம் கொடுத்து ஆயுளைக் குறைத்துக்கொள்வது!

வெல்டிங் முறையைப் பொறுத்தவரை ஒரு பெரிய குழாய்க்குள் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. தகட்டை உருளைகளில் வளைத்து, நெடுக்குவாட்டில் மூடி, அப்படி வந்த வளையங்களை ஒன்றோடொன்று சேர்ப்பது முதல் உலகம். அங்கே இயந்திரத்தின் ஆட்சி. குழாய் மெல்லச் சுழலும், வெல்டிங் தலை அசையாமல் நிற்கும். முன்னால் ஒரு புனல், ரவை போன்ற ஃப்ளக்ஸ் பொடியைக் கொட்டிக்கொண்டே போக, அதற்கடியில் கம்பி உருகும். நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் ஓடியும் கண்ணைக் கூசும் வெளிச்சமில்லை, புகையில்லை. பின்னால் ஓடு போலக் கசடு சுருண்டு கழன்று விழும். அடியில் வெல்டு வழவழப்பாகத் தெரியும். எல்லாமே கிடைமட்டத்தில், இரண்டு பக்கமும் எட்டும்படி. தடித்த தகட்டை நிரப்ப இதைப் போல வேகமான வழிகள் குறைவு. வெப்பத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் மட்டும், ஆலையில் பாடுபட்டுப் பொடியாக்கிய பரல்கள் வெல்டை ஒட்டிய இடத்தில் மறுபடி பருத்துவிடும். அதனால் தடித்த தகட்டை ஒரே மூச்சில் நிரப்பாமல், கட்டுப்படுத்திய வெப்பத்தில், படலம் படலமாக நிரப்புவார்கள்.

இரண்டாவது உலகம், ஒரு குழாய் இன்னொரு குழாயின் மேல் வந்து உட்காரும் இடம். சாய்ந்து வரும் குழாயின் முனையைச் சேணம் போல் வளைத்து வெட்ட வேண்டும். அந்த வளைவைச் சுற்றி வரும்போது இரண்டு சுவருக்கும் இடையிலான கோணம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் மாறும்: ஒரு பக்கம் கை நுழையும் அளவுக்கு அகலம், எதிர்ப்பக்கம் ராடு நுழையாத இடுக்கு. பெரும்பாலும் உள்ளிருந்து அடிக்க வழியில்லை. வெளியே ஒரு பக்கத்திலிருந்தே அடிவரை உருக்கிப் பிடிக்க வேண்டும். இயந்திரம் இங்கே திணறும். இழுப்பு குவிவதும் இங்கேதான். சேண வளைவின் சில புள்ளிகளில் அது சராசரியைப் போலப் பத்து மடங்கைக்கூடத் தாண்டும். எங்கே வேலை கடினமோ அங்கேதான் பாரமும் அதிகம் என்பது இந்தத் தொழிலின் சாபம்.

இதற்கு வெல்டர்கள் எழுதும் தேர்வுக்கு '6ஜிஆர்' என்று பெயர். குழாயை 45 டிகிரி சாய்வில் நகராமல் பிடித்துவைத்து, இணைப்புக்கு அருகே வேண்டுமென்றே ஒரு வளையத்தை இடைஞ்சலாகப் பொருத்தியிருப்பார்கள். திருச்சி திருவெறும்பூரில் பெல் கொதிகலன் ஆலையும், 1975-லிருந்து அதனோடு வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இருப்பதால், அந்தப் பக்கத்தில் இந்தப் பெயரை டீக்கடையிலேயே கேட்கலாம். அங்கே ஒரு பயிற்சிக் கொட்டகையில் இளைஞன் ஒருவன் இந்தத் தேர்வுக்குப் பழகிக்கொண்டிருந்தான். அடிச்சுற்றில் ஓர் இடத்தில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். பக்கத்தில் நின்ற மூத்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, "வேர் புடிக்கலடா தம்பி, கிரைண்டர எடு" என்றார். முக்கால் மணி நேர வேலை தீப்பொறியாகப் பறந்தது. அவன் முகம் சுருங்கியதே தவிர, வாய் பேசவில்லை. கடலில் இருந்தால் அந்த ஒரு விரல் அகலத்துக்கு எத்தனை அலை அடிக்கும் என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பட்டறைக்குள் 'சிஓடூ' என்று அழைக்கும் வாயு வெல்டிங் வேகமானது; ஆனால் லேசான கடற்காற்று அடித்தாலே காவல் வாயு கலைந்து வெல்டில் குமிழ் விழும். 'ஆர்கான்' வெல்டிங் அடிச்சுற்றுக்கு அருமை, தடித்த சுவரை நிரப்ப ஆமை வேகம். அதனால் திறந்தவெளி இணைப்புகளில் ஃப்ளக்ஸை உள்ளே அடைத்த கம்பியும், பழைய கை ராடும் இன்னும் கோலோச்சுகின்றன. ராடு என்றால் எந்த ராடும் அல்ல, 'ஈ7018' போன்ற ஹைட்ரஜன் குறைந்த வகை.

ஹைட்ரஜன் இந்தத் தொழிலின் கண்ணுக்குத் தெரியாத எதிரி. மழைக்காலத்தில் திறந்துவைத்த அப்பளம் நமத்துப்போவது போல ராடின் மேற்பூச்சும் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நமத்துப்போகும். வெல்டு அடிக்கும்போது அந்த நீர் பிரிந்து ஹைட்ரஜன் உருகிய எஃகுக்குள் இறங்கும். ஆறியபின் வெளியேற வழி தேடி, கடினப்பட்ட பகுதியில் சேரும். வெல்டு அடித்த அன்று எல்லாம் சரியாகவே தெரியும். விரிசல் ஒரு நாள் கழித்து, இரண்டு நாள் கழித்து வரும். ராடுகளை 300 டிகிரிக்கு மேல் அடுப்பில் சுட்டு, வேலையிடத்துக்கும் சூடான டப்பாவிலேயே கொண்டுபோவதும், முக்கியமான இணைப்பை 48 மணி நேரம் கழித்தே கேளா ஒலியால் சோதிப்பதும் இதனால்தான். அவசரக்கார மேலாளர்களுக்கு இந்தக் காத்திருப்பு பிடிக்கவே பிடிக்காது.

இனிக் கீலாண்டின் குட்டிக் குழாய்க்கு வரலாம். தகட்டை ஆலையில் உருட்டும்போது அதிலுள்ள மாங்கனீசு சல்பைடு அழுக்குகளும் சேர்ந்து நசுங்கி மெல்லிய படலங்களாகும். பரோட்டாவில் அடுக்கு பிரிவது எதனால்? மாவுக்கு நடுவே எண்ணெய் இருப்பதால். தகட்டை நீளவாக்கில் இழுத்தால் ஒன்றும் ஆகாது. கனவாக்கில் இழுத்தால் அடுக்கடுக்காகப் பிரியும். வெல்டு ஆறிச் சுருங்கும்போது, தன் பக்கத்துத் தகட்டை அந்தக் கனவாக்கில்தான் பிடித்து இழுக்கிறது. நீரொலி வாங்கியைத் தாங்கிய குழாயின் எஃகு அப்படிப் பிரிந்திருந்ததை விசாரணையில் கண்டார்கள். இன்று இணைப்பு வருமிடங்களுக்குக் கந்தகத்தை ஒரு சதவீதத்தின் ஆயிரத்தில் சில பங்காகக் குறைத்த தகடு வாங்குகிறார்கள். அதைக் கனவாக்கிலேயே இழுத்து அறுத்து, அறுமுன் குறுக்களவு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்ப்பார்கள். குறைந்தது 35 சதவீதம் சுருங்கினால் 'இசட்35'. இந்தத் தேர்வில் நான் கஞ்சத்தனம் காட்ட மாட்டேன். முழுக் கட்டுமானத்துக்கும் அல்ல, இணைப்புகளில் மட்டும் போட்டால் போதும் என்பதால் செலவும் பெரிதில்லை.

டி-6-ல் மூலை வெல்டு விட்டுக்கொடுத்ததும், இறுக்கமாக அடைத்திருந்த துளை வெறும் துளையாகிவிட்டது. தகட்டில் வட்டத் துளை இருந்தால் அதன் விளிம்பில் இழுப்பு மூன்று மடங்கு. அங்கிருந்து இரண்டு விரிசல்கள் கிளம்பி, குழாயின் சுற்றளவில் இரு திசையிலும் அலைக்கு அலை நகர்ந்தன. சுற்றளவு எட்டு மீட்டருக்குமேல். அதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு அறுந்த பிறகே மிச்சம் ஒரே நொடியில் முறிந்தது. கழன்றுபோன அந்தக் காலை டி-6-உடன் சேர்ந்து பிடித்திருந்த மற்ற ஐந்து குழாய்களும் பாரம் தாங்காமல் வரிசையாகப் போயின. கட்டி ஒப்படைத்து நான்கு ஆண்டுகூட நிறையவில்லை.

முறிந்த துண்டுகளைக் கரைக்குக் கொண்டுவந்து, அந்த 6 மில்லிமீட்டர் வெல்டின் பிளவுப் பரப்பை ஆராய்ந்தபோது ஒரு பகுதி துருப்பிடித்த நிறத்தில் இல்லை. அங்கே பெயின்ட் இருந்தது. மேடையைக் கட்டியபோது அடித்த அதே பெயின்ட். மேடையைக் கட்டிய டன்கிர்க் துறையில் பெயின்ட் அடிக்க ஆள் வந்த நாளில், விரிசல் அங்கே ஏற்கெனவே வாய் திறந்து இருந்திருக்கிறது. பெயின்ட் அதற்குள் இறங்கிக் காய்ந்திருக்கிறது.